தரையிலேயே முடிவெடுக்க வேண்டும்: சிறு விமானப் பயிற்சி குறித்துத் தியாகராய நகர்ப் பெற்றோரின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: ஒன்றிய சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகம், டி.ஜி.சி.ஏ. எனப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம். விமான விபத்துப் புலனாய்வுப் பணியகம். இந்திய விமான நிலையங்கள் ஆணையம். தமிழ்நாடு அரசும் அதன் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும். தமிழ்நாட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் விமானப் பயிற்சிப் பள்ளிகள் அனைத்தும்.

நாங்கள் தியாகராய நகரிலும் மேற்கு மாம்பலத்திலும் குடியிருப்பவர்கள். பிள்ளைகளை விமானி ஆக்க அனுப்பியிருக்கிறோம், அல்லது அனுப்பப் போகிறோம். உஸ்மான் சாலையில் கடை வைத்திருப்பவர் எங்களில் உண்டு. வங்கியில் ஓய்வு பெற்றவர், பள்ளி ஆசிரியை, தையல் வேலை செய்து மகளைப் படிக்க வைத்தவர் என எல்லோரும் உண்டு. கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வாங்க ஒரு பிள்ளை 200 மணி நேரம் பறந்தாக வேண்டும். அதற்கு ஆகும் செலவு அரைக் கோடி ரூபாயைத் தொடுகிறது. வீட்டுப் பத்திரம் அடமானத்துக்குப் போயிருக்கிறது, கல்யாணத்துக்கு என்று எடுத்து வைத்த நகை போயிருக்கிறது. அந்தச் சுமையைக் குறைக்கச் சொல்லி இங்கே நாங்கள் கேட்கவில்லை. அந்த 200 மணி நேரத்தின் பெரும்பகுதி ஒரே ஒரு இன்ஜின் உள்ள சிறு விமானத்தில் கழிகிறது. அந்த இன்ஜின், தரையை விட்டு எழும்பிய முதல் ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிட்டால் எங்கள் பிள்ளை என்ன செய்வாள், அவளுக்கு அதை யார் எப்படிக் கற்றுக்கொடுத்தார்கள், அவள் இறங்குவதற்குக் கீழே என்ன இடம் இருக்கிறது? நாங்கள் பேச வந்தது இதைத்தான்.

விமானம் ஓட்டத் தெரியாதவர்களும் இந்தச் சாசனத்தைப் படிப்பார்கள் என்பதால் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறோம்.

பயணிகள் விமானத்தில் ஒரு இன்ஜின் நின்றாலும் மற்றொன்று விமானத்தைத் தூக்கிக்கொண்டு போகும். செஸ்னா 152, செஸ்னா 172 போன்ற பயிற்சி விமானங்களில் இருப்பது ஒன்றே ஒன்றுதான். வானத்தில் மூவாயிரம் அடியில் அது நின்றால் விமானி யோசிக்கலாம், வயல்வெளியைத் தேடலாம், இன்ஜினை மறுபடி கிளப்பிப் பார்க்கலாம். டேக்-ஆஃப் ஆன உடனே நின்றால் அந்த அவகாசம் கிடையாது. மூக்கு மேல்நோக்கி இருக்கிறது, வேகம் குறைவாக இருக்கிறது, உயரம் சில நூறு அடிதான். உந்துவிசை போன கணத்திலேயே வேகம் சரியத் தொடங்குகிறது. கீழே தரை நெருங்குவதைப் பார்த்ததும் மனிதக் கை தானாகக் கன்ட்ரோலைப் பின்னுக்கு இழுக்கும். இழுத்தால் மூக்கு இன்னும் தூக்கும், இறக்கையைத் தழுவி ஓடும் காற்று பிரிந்துவிடும், விமானம் ஸ்டால் ஆகும். அந்த உயரத்தில் ஸ்டாலிலிருந்து மீள இடமில்லை. செய்ய வேண்டியது நேர்மாறானது. உடனே மூக்கைத் தாழ்த்தி, விமானம் மிதந்து இறங்கும் வேகத்தைப் பிடிக்க வேண்டும். செஸ்னா 152-க்கு அது 60 நாட், அதாவது மணிக்குச் சுமார் 111 கிலோமீட்டர். பிறகு எதிரே, இடமோ வலமோ சற்றுத் தள்ளி, கிடைக்கிற இடத்தில் இறங்க வேண்டும். தரையை நோக்கி மூக்கைத் தாழ்த்து என்பது உடம்பு சொல்வதற்கு எதிரான கட்டளை. பழக்கினால்தான் அது கைக்கு வரும்.

இன்னொரு ஆசை, ரன்வேக்கே திரும்பிவிடலாம் என்பது. பின்னால் ஒன்றரை கிலோமீட்டர் தார்ச்சாலை கிடக்கிறது, முன்னால் மரமும் கம்பியும் தெரிகின்றன. யாருக்குத்தான் திரும்பத் தோன்றாது? அமெரிக்க விமான நிர்வாகத்தின் பறத்தல் கையேட்டில் இதற்கு ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்கள். 300 அடி உயரத்தில் இன்ஜின் நிற்கிறது. விமானி உறைந்து மீள 4 நொடி. வழக்கமான வேகத்தில் வட்டமடித்தால் 180 பாகை திரும்ப ஒரு நிமிடம் ஆகிறது. ஆனால் திரும்பி முடிக்கும்போது விமானம் ரன்வேக்கு நேராக இல்லை, 4,200 அடி பக்கவாட்டில் விலகி நிற்கிறது. ரன்வேயை நோக்க மேலும் 45 பாகை திரும்ப வேண்டும். ஆக மொத்தம் 79 நொடி. நிமிடத்துக்கு 1,000 அடி வீதம் இறங்கினால் அதற்குள் இழந்திருக்கும் உயரம் 1,316 அடி. கையில் இருந்ததோ 300.

சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று விமானத்தைச் சாய்த்தால் அடுத்த ஆபத்து வருகிறது. 45 பாகை சாய்வில் ஸ்டால் ஆகும் வேகம் 19 சதவீதம் கூடுகிறது, 60 பாகையில் 41 சதவீதம். நேராகப் பறந்தால் தாங்கியிருக்கும் வேகத்திலேயே திருப்பத்தில் விமானம் புரண்டு விழுந்துவிடும். எதிர்காற்றில் எழும்பிய விமானம் திரும்பி வந்து பின்காற்றோடு இறங்க வேண்டியிருப்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பவே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. போதிய உயரம் இருந்தால் திரும்பலாம். அந்த உயரம் எவ்வளவு என்பது விமானத்தைப் பொறுத்தது, எடையைப் பொறுத்தது, அன்றைய காற்றையும் வெயிலையும் ரன்வேயின் நீளத்தையும் பொறுத்தது, ஓட்டுகிற கையையும் பொறுத்தது. அதனால்தான் அமெரிக்காவில் பயிற்றுநர்களுக்கான வழிகாட்டுதலில், எப்போது திரும்பலாம், எப்போது கூடாது என்பதை மாணவருக்குச் செய்து காட்டச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் நிலைப்பாடு ஒன்றுதான். இந்தக் கேள்விக்கான பதிலை 300 அடி உயரத்தில் கண்டுபிடிக்க முடியாது. விமானம் நகர்வதற்கு முன், தரையில், சக்கரம் நிற்கும்போதே அந்தப் பதில் தயாராக இருக்க வேண்டும். அதைத் தயார் செய்யும் கடமை மாணவருக்கு மட்டும் உரியது அல்ல. பள்ளிக்கும், எரிபொருள் நிரப்புகிறவருக்கும், ரன்வே முனையில் மனை போட அனுமதி கொடுக்கிற அலுவலகத்துக்கும், விபத்து அறிக்கையை எழுதுகிறவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றில் இறங்கிய விமானத்தை எல்லோரும் அறிவார்கள். பறவைகள் மோதி இரண்டு இன்ஜினும் செயலிழந்த அந்த விமானத்தில் இருந்த 155 பேரும் பிழைத்தார்கள். பிறகு நடந்த சிமுலேட்டர் சோதனைகளில், மோதிய அடுத்த கணமே திரும்பியிருந்தால் சில முயற்சிகளில் ரன்வேயை எட்ட முடிந்தது. மனிதர் நிலைமையை உணர்ந்து முடிவெடுக்க ஆகும் நேரம் என்று 35 நொடியைச் சேர்த்ததும் எட்ட முடியவில்லை. பல்லாயிரம் மணி நேரம் பறந்த விமானிக்கே யோசிக்க நேரம் தேவைப்படும் என்று ஏற்றுக்கொண்டு நடத்திய சோதனை அது. முப்பது நாற்பது மணி நேரம் மட்டுமே பறந்த பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு நேரம் தேவைப்படும் என்று இந்தச் சாசனத்தைப் பெறுகிற ஒவ்வொரு அதிகாரியும் எண்ணிப் பார்க்கக் கோருகிறோம்.

இது எங்கோ நடப்பது அல்ல. 2025 நவம்பர் 13 அன்று சேலத்திலிருந்து கிளம்பிய செஸ்னா பயிற்சி விமானம் ஒன்று, புதுக்கோட்டை மாவட்டம் அம்மாசத்திரம் அருகே திருச்சி நெடுஞ்சாலையில் அவசரமாக இறங்கியது. உள்ளே இருந்தவர்கள் உயிர் தப்பினார்கள். மறுநாளே சென்னைக்குத் தெற்கே திருப்போரூர் அருகே விமானப்படையின் பிலாட்டஸ் பயிற்சி விமானம் விழுந்தது. அதன் விமானி இருக்கையோடு வெளியேறிப் பிழைத்தார். செஸ்னாவில் அப்படி வெளியேறும் இருக்கை கிடையாது, கடைசிவரை உள்ளேயேதான் இருக்க வேண்டும். 2023 ஆகஸ்ட் 7 அன்று திருகோணமலை சீனக்குடா தளத்திலிருந்து எழும்பிய இலங்கை விமானப்படையின் பி.டி.-6 பயிற்சி விமானம் சில நிமிடங்களுக்குள் விழுந்து இருவர் இறந்தார்கள். 2024 ஆகஸ்டில் ஜாம்ஷெட்பூரிலிருந்து கிளம்பிய செஸ்னா சாண்டில் அணையில் விழுந்து பயிற்றுநரும் மாணவரும் இறந்தார்கள். 2025 ஏப்ரல் 22 அன்று குஜராத்தின் அம்ரேலியில் குடியிருப்புப் பகுதியிலேயே பயிற்சி விமானம் விழுந்து அதன் விமானி இறந்தார். இவற்றின் காரணங்கள் வேறு வேறாக இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்ட நாங்கள் விரும்பவில்லை. ஆனால் சிறு விமானம் தாழ்வான உயரத்தில் சிக்கலில் மாட்டும்போது உள்ளிருப்பவருக்கு எவ்வளவு குறைந்த வாய்ப்புகள் மிஞ்சுகின்றன என்பதை இவை எல்லாமே சொல்கின்றன.

பெரிய விமானம் என்றால் ஆபத்தே இல்லை என்றும் ஆகாது. 1976 அக்டோபர் 12 அன்று பம்பாயிலிருந்து மெட்ராஸுக்குக் கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் கேரவெல் விமானத்தில் எழும்பியதும் ஒரு இன்ஜின் வெடித்தது. திரும்பி வர முயன்றபோது தீ பரவி, கட்டுப்பாடு போய், 95 பேரும் மாண்டார்கள். நடிகை ராணி சந்திராவும் அவர்களில் ஒருவர். அந்த விமானத்துக்காக மீனம்பாக்கத்தில் காத்திருந்த குடும்பங்கள் இந்த ஊர்க் குடும்பங்கள்.

இனி எங்கள் கோரிக்கைகள்.

முதலாவது, ஒவ்வொரு டேக்-ஆஃபுக்கு முன்பும் வாய்விட்டுச் சொல்லும் முன்னறிவிப்பு. ரன்வேயில் ஓடும்போதே இன்ஜின் தடுமாறினால் த்ராட்டிலை மூடி பிரேக் போடுவேன். எழும்பிய பின் ரன்வே மிச்சம் இருந்தால் அதிலேயே இறங்குவேன். இத்தனை அடிக்குக் கீழே நின்றால் நேராக, இந்தத் திசையில், அந்தத் திறந்த வெளியில் இறங்குவேன். இத்தனை அடிக்கு மேல் இருந்தால் மட்டும் இந்தப் பக்கமாகத் திரும்புவேன். அன்றைய காற்றைப் பார்த்து, உண்மையான எண்களோடு, மாணவர் இதைச் சொல்ல வேண்டும். நல்ல பயிற்றுநர்கள் இதை இன்றும் செய்கிறார்கள், அவர்களை வணங்குகிறோம். ஆனால் ஒரு பள்ளியில் இருப்பதும் இன்னொன்றில் இல்லாததும் பிள்ளையின் அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது. பயிற்றுநர் இன்றிச் சோலோவாகப் போகும் மாணவரும் ரேடியோவைத் தொடுவதற்கு முன் இதைச் சொல்ல வேண்டும் என்று டி.ஜி.சி.ஏ. கட்டாயமாக்க வேண்டும்.

அந்த எண்கள் எங்கிருந்து வரும்? ஒவ்வொரு பள்ளியும் தன்னிடம் உள்ள ஒவ்வொரு வகை விமானத்தையும் பாதுகாப்பான உயரத்துக்குக் கொண்டுபோய், இன்ஜினை ஐடில் எனப்படும் மிகக் குறைந்த ஓட்டத்தில் வைத்து, உறைந்து நிற்கும் நொடிகளையும் கணக்கில் சேர்த்து, திரும்பும்போது எவ்வளவு உயரம் போகிறது என்று அளக்க வேண்டும். ஏப்ரல் மே வெயிலில் ஒரு முறை, மார்கழிக் குளிரில் ஒரு முறை. அந்த அளவோடு போதுமான கூடுதலையும் சேர்த்து, மாணவர்கள் கையெழுத்துப் போடும் அறையில் பலகையில் எழுதி வைக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவு இல்லை. சில மணி நேரப் பெட்ரோல் போதும்.

இரண்டாவது, பழக்கம். சோலோ அனுப்புவதற்கு முன் ஒருமுறை செய்து காட்டி, புத்தகத்தில் குறித்துவிட்டால் போதும் என்ற நிலை மாற வேண்டும். டேக்-ஆஃபுக்குப் பின் இன்ஜின் நிற்கும் நிலையை மாணவர் மாதம் ஒரு முறையாவது, பயிற்சி முடியும் வரை செய்து பார்க்க வேண்டும். அதில் பெரும்பங்கு சிமுலேட்டரிலும் உயரத்திலும் நடக்கட்டும். தாழ்வான உயரத்தில் பயிற்றுநர் த்ராட்டிலைக் குறைத்துக் காட்டும் பயிற்சியே விபத்தாகிவிடக் கூடாது. அதனால் எந்த உயரத்துக்குக் கீழே அதைச் செய்யக் கூடாது, எந்தப் பயிற்றுநருக்கு மட்டும் அனுமதி என்பதற்கு எழுத்தில் வரம்பு வேண்டும். மிக்ஸ்சரை இழுத்தோ எரிபொருள் வால்வை மூடியோ இன்ஜினை உண்மையாகவே நிறுத்திக் காட்டுவதைத் தாழ்வான உயரத்தில் அறவே தடை செய்ய வேண்டும். சிமுலேட்டர் இல்லாத பள்ளிக்கு, அருகில் உள்ள பள்ளியின் சிமுலேட்டரைப் பகிர்ந்துகொள்ள ஏற்பாடு செய்து கொடுங்கள்.

மூன்றாவது கோரிக்கைதான் எங்கள் மனத்துக்கு மிக நெருக்கமானது. பறக்க மறுக்கும் உரிமை.

இன்ஜின் பெரும்பாலும் சொல்லாமல் நிற்பதில்லை. டேக்-ஆஃபுக்கு முன் செஸ்னா 152-இல் இன்ஜினை நிமிடத்துக்கு 1,700 சுழற்சிக்குக் கொண்டுவந்து, தீப்பொறி தரும் இரண்டு மேக்னட்டோவையும் மாற்றி மாற்றிச் சோதிப்பார்கள். ஒன்றை அணைத்தால் சுழற்சி 125-க்கு மேல் குறையக் கூடாது, இரண்டுக்கும் இடையில் வேறுபாடு 50-ஐத் தாண்டக் கூடாது. 'மேக் டிராப்' எனப்படும் இந்தக் குறைவு கொஞ்சம் கூடினால், இன்ஜின் நடுங்கினால், எண்ணெய் அழுத்தம் குறைந்தால், வடிகட்டி எடுத்த எரிபொருளின் அடியில் ஒரு துளி நீர் தெரிந்தால் விமானம் பேசுகிறது என்று பொருள். அதைக் கேட்ட மாணவர் என்ன செய்வார்? கையைத் தூக்கி, இந்த விமானத்தில் நான் போகமாட்டேன் என்று சொல்ல வேண்டும்.

சொல்லத்தான் முடிகிறதா? மாதக்கணக்கில் வரிசையில் காத்திருந்து ஒரு மணி நேரம் பறக்கக் கிடைக்கிறது. இன்று விட்டால் அடுத்த முறை எப்போது என்று தெரியாது. விடுதி வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது, வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது, கூட வந்தவர்கள் முந்திப் போகிறார்கள். பயந்தாங்கொள்ளி என்ற பெயர் வேறு வரும். அந்த நேரத்தில் ஒரு இளம் பிள்ளை, இன்ஜின் சரியாகிவிடும் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு த்ராட்டிலைத் தள்ளினால் அந்தப் பிழை அவளுடையது மட்டுமா? பறக்க மறுத்த மாணவருக்கு அந்த நேரத்துக்குக் கட்டணம் போடக் கூடாது. வரிசையில் அவர் இடம் போகக் கூடாது, அடுத்த நாள் முதல் ஆளாக அவரை அனுப்ப வேண்டும். அவர் சொன்ன குறை பதிவேட்டில் ஏறி, பொறியாளர் பார்த்து, என்ன செய்தார் என்பதை எழுதிக் கையெழுத்திட்டு, அதை மாணவர் படிக்கத் தர வேண்டும். பள்ளிகளோடு பெற்றோர் போடும் ஒப்பந்தத்திலேயே இது அச்சாகி இருக்க வேண்டும். டி.ஜி.சி.ஏ. ஆய்வுக்கு வரும்போது, எத்தனை முறை மாணவர்கள் மறுத்தார்கள் என்று கேட்கட்டும். ஓராண்டில் ஒருவரும் மறுக்கவே இல்லை என்று ஒரு பள்ளி சொன்னால், அந்தப் பள்ளியை இன்னும் கூர்ந்து பார்க்கட்டும்.

எரிபொருளையும் இதோடே சேர்த்துச் சொல்கிறோம். இந்தச் சிறு இன்ஜின்களுக்கு வேண்டிய ஏவ்கேஸ் எனப்படும் விமானப் பெட்ரோலை நாடு முழுவதும் இறக்குமதிதான் செய்துகொண்டிருந்தது. 2022 செப்டம்பர் முதல் இந்தியன் ஆயில் நிறுவனம் வதோதராவில் இங்கேயே தயாரிக்கிறது, நல்லது. ஆனால் ஆலையிலிருந்து வந்த எரிபொருள் சிறு விமானத் தளத்தில் பீப்பாயில் எத்தனை நாள் கிடக்கிறது, கடற்கரை ஈரத்தில் உள்ளே எவ்வளவு நீர் இறங்குகிறது என்பதை யாராவது அளக்க வேண்டும். ஒவ்வொரு நாளின் முதல் பறத்தலுக்கு முன்பும் ஒவ்வொரு முறை நிரப்பிய பிறகும் மாதிரி எடுத்துப் பார்த்ததற்குக் கையெழுத்து வேண்டும். கார்புரேட்டரில் பனி பிடிப்பது குளிர்நாட்டுப் பிரச்சினை என்று பலர் நினைக்கிறார்கள். ஈரப்பதம் மிகுந்த காற்றில் 25 டிகிரி வெப்பத்திலும் அது நேரும். நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு இதைப் பாடமாகவே சொல்லித் தர வேண்டும்.

2025-இல் டி.ஜி.சி.ஏ. முதன்முறையாகப் பயிற்சிப் பள்ளிகளுக்குத் தரவரிசை வெளியிட்டது. உயர்ந்த 'ஏ' வரிசைத் தரங்களை எந்தப் பள்ளியும் எட்டவில்லை என்பதை ஒளிக்காமல் சொன்னதற்காக அந்த அமைப்பைப் பாராட்டுகிறோம். ஆனால் அந்த மதிப்பீட்டில் செயல்பாட்டு அம்சங்களுக்கு 40 சதவீதம், பாதுகாப்புத் தரத்துக்கு 20 சதவீதம். இந்த இரண்டு எண்களும் இடம் மாற வேண்டும்.

நான்காவது, கீழே உள்ள நிலம். இதைத் தமிழ்நாடு அரசிடம் கேட்கிறோம்.

இந்த மாநிலத்துக்குப் பறத்தல் புதிதல்ல. 1910-லேயே மவுண்ட் ரோடில் ஓட்டல் நடத்திய ஜியாகோமோ தாஞ்சலிஸ், சிம்ப்சன் பட்டறையில் விமானம் கட்டிப் பல்லாவரத்தில் பறந்து காட்டினார். 1932 அக்டோபரில் டாட்டாவின் முதல் தபால் விமானத்தைக் கராச்சியிலிருந்து பம்பாய் வரை ஜே.ஆர்.டி. டாட்டா ஓட்டிவந்தார், அங்கிருந்து மெட்ராஸ் வரை நெவில் வின்சென்ட் ஓட்டிவந்தார். அந்தப் புஸ் மாத் விமானத்துக்கும் ஒரே இன்ஜின்தான். மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப்பில் இந்த ஊர்ப் பெண்களும் ஆண்களும் பறக்கக் கற்றார்கள். அன்று மீனம்பாக்கத்தைச் சுற்றி வயலும் ஏரியும் பொட்டலும் இருந்தன. இன்ஜின் நின்றால் இறங்க எல்லாத் திசையிலும் இடம் இருந்தது. இன்று அங்கே வீடில்லாத திசை இல்லை.

நிலம் எப்படிப் போகும் என்பது எங்களுக்குத் தெரியும். நாங்கள் குடியிருக்கும் தியாகராய நகரே நூறு ஆண்டுகளுக்கு முன் மயிலாப்பூர் நீண்ட ஏரி. 1920-களில் அதைத் தூர்த்து நகர் அமைத்தார்கள். மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரி இல்லை. சேலத்திலும் அதுவே நடக்க விடாதீர்கள் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறோம். சேலம் விமான நிலையத்தில் பயிற்சிப் பள்ளி வந்துவிட்டது. கோவில்பட்டி ஓடுதளத்தில் இன்னொன்று அமைக்க டிட்கோ முயன்று வருகிறது. இவற்றைச் சுற்றி இன்று திறந்த நிலம் இருக்கிறது. விமானத் தளம் வந்தால் மனை விலை ஏறும், பிளாட் போடுகிறவர்கள் வருவார்கள். விமானத் தளங்களைச் சுற்றிய கட்டடங்களுக்கான 2015-ஆம் ஆண்டின் உயரக் கட்டுப்பாட்டு விதிகள் கட்டடத்தின் உயரத்தைத்தான் கட்டுப்படுத்துகின்றன. தாழ்வான வீடுகள் வரிசையாக எழுந்தால் அந்த விதிகளால் தடுக்க முடியாது. ஆனால் இன்ஜின் நின்ற விமானத்துக்குத் தாழ்வான வீடும் சுவர்தான்.

ஆகவே பயிற்சி நடக்கும் ஒவ்வொரு ரன்வேயின் இரு முனைகளுக்கும் நேர் எதிரே, இரு பக்கமும் சற்று விரிந்து செல்லும் ஒரு நிலப்பரப்பை இறங்கு வெளியாக அறிவிக்க வேண்டும். அங்கே புறம்போக்கு நிலத்தை யாருக்கும் ஒதுக்கக் கூடாது. விவசாயம் தாராளமாக நடக்கட்டும், நெல்லும் கடலையும் உயிரைக் காக்கும். அந்த நிலத்துக்கு உரியவர்களின் இழப்புக்கு ஈடு கொடுங்கள். ஏழை விவசாயியின் தலையில் பாதுகாப்புச் செலவைக் கட்டக் கூடாது. அந்தப் பரப்பைக் கடக்கும் மின்கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோக வேண்டும். மாணவர் கையில் இருக்கும் வரைபடத்தில் ஒவ்வொரு முனைக்கும் எந்த வயல், எந்தக் கண்மாய், கம்பி எங்கே போகிறது என்பதெல்லாம் குறிக்கப்பட்டு, மழைக்காலத்துக்குப் பின் ஒவ்வோர் ஆண்டும் திருத்தப்பட வேண்டும். மாசியில் வறண்டு கிடக்கும் கண்மாய் கார்த்திகையில் நிறைந்திருக்கும். அதை அறியாத வரைபடத்தால் பயன் இல்லை.

ஐந்தாவது, அறிக்கைகள். 2012-இல் உருவான விமான விபத்துப் புலனாய்வுப் பணியகம், 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் 260 உயிர்களைப் பறித்த விபத்துக்கு ஒரு மாதத்தில் முதல்நிலை அறிக்கை வெளியிட்டது. பயிற்சி விமானத்தில் இறப்பவர் ஒருவராக இருந்தாலும் அதே கெடுவுக்குள் முதல்நிலை அறிக்கை வர வேண்டும். விமானி தவறு என்ற இரண்டு சொல்லோடு எந்த அறிக்கையும் முடியக் கூடாது. அந்தத் தவறை எதிர்கொள்ள அவருக்கு எத்தனை முறை பயிற்சி கொடுத்தார்கள், கடைசிப் பயிற்சி எப்போது, அன்று அவர் முன்னறிவிப்புச் சொன்னாரா, முந்தைய வாரம் அந்த விமானத்தின் பதிவேட்டில் என்ன குறை எழுதியிருந்தது என்பவையும் இருக்க வேண்டும். இறந்த பிள்ளையின் பெற்றோருக்கு அறிக்கை செய்தித்தாளில் வருவதற்கு முன் கையில் கிடைக்க வேண்டும், அவர்கள் படிக்கும் மொழியில்.

விபத்தாகாமல் தப்பியவற்றையும் சொல்லுங்கள். இன்ஜின் தடுமாறி, நல்லபடியாக இறங்கிய ஒவ்வொரு நிகழ்வும் ஒரு பாடம். பள்ளியின் பெயர் இல்லாமலேயே வெளியிடலாம். எல்லாப் பள்ளி மாணவர்களும் படிக்கட்டும்.

இன்னும் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். எல்லாப் பயிற்சி விமானங்களிலும் தோளோடு சேர்த்துக் கட்டும் பெல்ட் இருக்க வேண்டும், பழைய விமானம் என்ற விலக்கு வேண்டாம். பயிற்றுநர்களுக்கு ஓய்வும் நியாயமான சம்பளமும் வேண்டும். அடுத்த வேலைக்கான மணி நேரத்தைச் சேர்க்க மட்டும் அங்கே இருப்பவர் நல்ல ஆசிரியராக முடியாது. ரன்வேயை அடுத்துள்ள கிராமங்களில் தீயணைப்புத் துறை ஆண்டுக்கு ஒருமுறை ஒத்திகை நடத்த வேண்டும். விழுந்த விமானத்தை முதலில் எட்டுவது அந்த ஊர் மக்கள்தான். பீடி பற்றவைக்காமல், ப்ரொப்பெல்லரைத் தொடாமல், பெல்ட்டை எப்படிக் கழற்றி ஆளை எப்படி வெளியே எடுப்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கேட்பவர்களாக மட்டும் நாங்கள் இருக்க மாட்டோம். பெற்றோர் என்ற முறையில் நாங்களும் சில உறுதிகள் தருகிறோம். இந்த வாரம் எத்தனை மணி நேரம் முடிந்தது என்று பிள்ளையைப் போனில் விரட்ட மாட்டோம். பறக்க மறுத்துத் தரையில் நின்ற நாளை வீணான நாள் என்று சொல்ல மாட்டோம். பக்கத்து வீட்டுப் பிள்ளை லைசென்ஸ் வாங்கிவிட்டதை அவர்கள் காதில் போட மாட்டோம். பள்ளியில் சேர்க்கும் முன் விடுதியைப் பார்ப்பது போலவே பராமரிப்புப் பதிவேட்டையும் பார்க்கக் கேட்போம். காட்ட மறுக்கும் பள்ளியில் சேர்க்க மாட்டோம், மற்றவர்களுக்கும் அதைச் சொல்வோம்.

இந்தச் சாசனத்தின் படிகளை மேலே குறித்த அலுவலகங்கள் அனைத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புகிறோம். முன்னறிவிப்பு, பறக்க மறுக்கும் உரிமை ஆகிய இரண்டுக்கும் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை, ஒரு சுற்றறிக்கை போதும். அந்தச் சுற்றறிக்கையை அடுத்த பயிற்சி அணி சேர்வதற்கு முன் டி.ஜி.சி.ஏ. வெளியிட வேண்டும். இறங்கு வெளிகள் குறித்துத் தமிழ்நாடு அரசு சேலம், தூத்துக்குடி மாவட்ட ஆட்சியர்களிடம் நில அளவை அறிக்கை கேட்டு, அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். மற்றக் கோரிக்கைகளுக்கு 90 நாட்களுக்குள், ஏற்கிறீர்களா இல்லையா, இல்லையென்றால் ஏன் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே எழுத்தில் பதில் தர வேண்டும். பதில்களை வந்தபடியே, ஒரு வரியும் வெட்டாமல், நாங்கள் பொதுவில் வைப்போம்.

இவண்,
பிள்ளைகளைப் பறக்க அனுப்பியுள்ள தியாகராய நகர், மேற்கு மாம்பலம் பெற்றோர்
சென்னை 600 017